வார்ப்பிரும்பிலிருந்து நீர்க்குளிர்ச்சிக்கு: திருவொற்றியூர்ப் புல்லட்டும் அதன் வழித்தோன்றல்களும்

ஒரே நாளில் சில நூறு கிலோமீட்டர் தொலைவை ஓட்டுபவரின் உடலும் எஞ்சினும் களைத்துவிடாமல் கடக்கவும், பின்னால் ஒருவரையும் பெட்டிகளையும் சுமக்கவும், பெட்ரோல் கிடைப்பது அரிதான வழிகளில் ஒரு டேங்கை நம்பி நெடுந்தூரம் போகவும் தக்க வண்டியையே மோட்டார் சைக்கிள் உலகம் 'டூரிங்' வண்டி, அதாவது நெடும்பயண வண்டி என அழைக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயருக்கு முதலில் உரிமை பெற்றது சென்னைக்கு வடக்கே கடலோரம் உள்ள திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட். ஆனால் அது அந்த நோக்கத்தோடு இங்கே கொண்டுவரப்பட்ட வண்டியன்று. படைவீரரும் போலீஸ்காரரும் நிலக்கிழாரும் ஏறிய வண்டியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பின்னரே அது பயணிகளின் கைக்கு வந்தது. பழைய புல்லட்டையும் அதன் வழிவந்த இன்றைய வண்டிகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் குதிரைத்திறனையும் வேகத்தையும் எடையையும் அட்டவணை போட்டு நிறுத்திவிடுகின்றனர். அவற்றைவிட முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு: வண்டியைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்பதே அது.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901ஆம் ஆண்டு வெளியிட்டது. என்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண் உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால் அமைந்த பெயர் அது. புல்லட் என்று ஒரு மாடலுக்கு 1930களின் தொடக்கத்தில் பெயர் சூட்டப்பட்டதும் அந்தத் துப்பாக்கி உறவின் தொடர்ச்சியே. இந்தியா அறிந்த புல்லட், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் சோதனைக்கு வந்து 1949 முதல் விற்பனையான 350 சிசி வண்டியாகும். அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டகத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. சாலையின் குழி ஒவ்வொன்றும் இருக்கை வழியாக முதுகெலும்புக்கே போய்ச் சேர்ந்தது. புல்லட்டிலோ பின்சக்கரம் ஊஞ்சல் போல மேலும் கீழும் அசையும் ஒரு கவையில் பூட்டப்பட்டு, இருபுறமும் ஷாக் அப்சார்பர்கள் தாங்கின. போட்டி வண்டிக்கு இத்தகைய மென்மை ஆகாது எனக் கருதப்பட்ட அந்நாளில், 1948இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். பிற்காலத்தில் இந்தியச் சாலைகளில் அந்த வண்டி அடைந்த வெற்றிக்கு விதை அங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது.

சுந்தரம் ஐயர் உள்ளிட்டோர் நடத்திய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்று வந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் மேற்கு எல்லை நெடுகக் காவல் சுற்றி வர ஏற்ற வண்டியைத் தேடிய இந்தியப் படை 1950களின் தொடக்கத்தில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த நிறுவனத்தின் வழியாக வாங்கியது. வெளிநாட்டுச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில் இத்தகைய தேவையை இறக்குமதியால் நிறைவேற்றிக்கொண்டிருக்க முடியாதென்பதால், ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. தொடக்கத்தில் பெட்டிகளில் வந்த பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் வேலையே திருவொற்றியூரில் நடந்தது. 1957இல் அச்சுகளும் கருவிகளும் இங்கு வந்துசேர்ந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகும் நிலை ஏற்பட்டது.

அதன்பின் நடந்தது தொழில் வரலாற்றில் அரிதாகவே காணக்கூடியது. ஜப்பானிய வண்டிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த வேலையும் 1970இல் முடிவுற்றது. தாய் நிறுவனம் மறைந்த பிறகும் அதன் 1955ஆம் ஆண்டு வடிவம் திருவொற்றியூரில் ஏறத்தாழ மாறாமலே தொடர்ந்து வார்க்கப்பட்டது. தொழில் உரிம முறையும் இறக்குமதித் தடையும் போட்டியாளர்களை வெளியே நிறுத்தியதால் புதுமை செய்யும் கட்டாயம் நிறுவனத்துக்கு இருக்கவில்லை. படையும் காவல்துறையும் அதே வண்டியை, அதே உதிரிபாகங்களோடு கேட்டுக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் ஓவியக் கைவேலை கூட அந்த ஆலையில் தலைமுறை கடந்து நிலைத்தது. 1977 முதல் இந்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதை எண்ணும்போது, ஒரு நாட்டின் தேக்கம் மற்றொரு நாட்டின் மரபுச் செல்வமாக மாறிய விந்தை புலப்படும்.

பழைய புல்லட்டின் உட்கூறுகளைச் சற்று விரிவாகவே காண வேண்டும். பயணத்தின் இயல்பை அவையே தீர்மானித்தன. பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஆகக் கொள்ளளவு 346 சிசி. இவ்வாறு விட்டத்தைவிட ஓட்டம் நீண்ட எஞ்சின், கனத்த ஃபிளைவீலோடு சேரும்போது, குறைந்த சுழற்சியிலேயே போதிய இழுவிசையைத் தரும். அடிக்கடி கியர் மாற்றாமல், இருவரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் சீராக ஏறும். ஊரே அடையாளம் கண்ட 'தட தட' ஓசையும் மெதுவாகச் சுழலும் அந்தப் பெரிய ஒற்றைப் பிஸ்டனின் ஓசையே. திறன் ஏறத்தாழ 18 குதிரைத்திறன் மட்டுமே. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் என்ற நடையில் நாள் முழுவதும் ஓடும். எஞ்சின் ஒரு கூடாகவும் நான்கு கியர்கள் கொண்ட பெட்டி தனிக் கூடாகவும் பின்னால் பூட்டப்பட்டிருந்ததால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கழற்றிப் பழுது பார்க்க முடிந்தது. கியர் வலக்காலில், மேலே ஒன்று, கீழே மூன்று, பிரேக் இடக்காலில். முதல் கியர் தவிர்த்த எதிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தனியே ஒரு சிறு நெம்புகோலும் இருந்தது.

வண்டியைக் கிளப்புவதே ஒரு கல்வியாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் குறைப்பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் எனப்படும் தொடுமுனைகள் ஒட்டியிருக்கும்வரை காயிலில் மின்சாரம் ஓடும். அவை பிரியும் கணத்தில் ஓட்டம் அறுந்து தீப்பொறி பிறக்கும். ஆகவே முள் நடுவுக்கு வருவது பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியை நெருங்கிவிட்டதன் அடையாளம். அந்த நிலையில் டீகம்ப்ரஷர் என்னும் சிறு நெம்பை இழுத்து, அடைபட்ட காற்றை வெளியேற்றி, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு, நெம்பை விட்டு, முழு உடலெடையோடு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். நிலை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பதம் பார்க்கும். நான்கு ஓட்ட எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை எந்தப் பாடநூலும் இல்லாமல் ஓட்டுபவரின் காலுக்கே கற்பித்த வண்டி என்று இதைச் சொல்வது மிகையாகாது.

பராமரிப்பும் அதைப் போலவே ஓட்டுபவரின் பங்கேற்பைக் கோரியது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன் அலுமினியக் கலவை. வார்ப்பிரும்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட மிக மெதுவாகவே கடத்தும், சூடேறும்போது குறைவாகவே விரியும். எனவே வெயில் காலத்தில் தொடர்ந்து விரட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆகிவிட்டது' என்பது இதைத்தான். பாயின்டின் இடைவெளியும், வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியும் தேய்ந்து மாறும், கூட்டுவாய்களில் ஆயில் கசியும், நட்டுகள் அதிர்வில் தளரும். ஆதலால் நெடும்பயணம் புறப்படுபவர் கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், பாயின்ட் செட், செயின் லிங்க் ஆகியவற்றையும் ஸ்பேனர்களையும் உடைகளுக்கு முன்பே கட்டிக்கொண்டார். இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்ள வைத்தது, அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சாலையோரத்திலேயே சரிசெய்ய முடிந்தது என்ற ஒரே நிறை.

அந்த நிறையின் முழு மதிப்பும் இமயமலைச் சாலைகளில் வெளிப்பட்டது. 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு, படைகளின் தேவைக்காகப் பனிமலைக் கணவாய்களின் மீது சாலைகளை இட்டது; அச்சாலைகளில் படையினர் தம்மோடு புல்லட்டையும் கொண்டு போயினர். லடாக் 1974இல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மணாலியிலிருந்து லே வரையிலான சாலை 1989இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பயணிகள் வருவதற்கு முன்பே அவ்வழியில் வண்டியும் அதன் உதிரிபாகமும் அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. புல்லட் நெடும்பயண வண்டியானதன் காரணத்தை அதன் வடிவமைப்பில் மட்டும் தேடுவது பிழை என்பது இதனால் விளங்கும். எல்லைக்காக வந்த வண்டியும் எல்லைக்காக வந்த சாலையும் ஒன்றாகவே பயணிகளின் கைக்கு வந்தன.

மலையுயரம் பழைய எஞ்சினுக்கு இட்ட சோதனை காற்றின் சோதனையாகும். தங்லங் லா போன்ற 5300 மீட்டர் உயரக் கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். கார்புரேட்டர், உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஓட்டத்தைக் கொண்டு பெட்ரோலை அளந்து கலக்கும் கருவி. காற்று அடர்த்தி குறைந்தது என்பதை அது தானாக அறியாது. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை எழுந்து, பிளக்கில் கரி படிந்து, 18 குதிரைத்திறனில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துபோகும். மெக்கானிக்குகள் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றிப் பொருத்தியோ, கார்புரேட்டரின் ஊசியை ஒரு படி இறக்கியோ இதைச் சமாளித்தனர். சமவெளிக்கு இறங்கியதும் மீண்டும் பழைய நிலைக்கு மாற்ற மறந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். இதைப் புரிந்து செய்தவர்களுக்குத் தெர்மோடைனமிக்ஸ் பாடம் யாரும் நடத்தவில்லை. ஆயினும் அவர்கள் செய்தது அதுவே.

1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த 100 சிசி வண்டிகள் குறைந்த பெட்ரோலில் நிறைய ஓடி, கசியாமலும் முரண்டு பிடிக்காமலும் இருந்தபோது புல்லட்டின் சந்தை சுருங்கியது. நிறுவனம் டீசல் புல்லட்டைக் கூட முயன்றது. 325 சிசி கொள்ளளவும் 6.5 குதிரைத்திறனும் கொண்ட அந்த வண்டிக்குச் சிக்கனத்தைத் தவிர வேறு பெருமை இல்லை. 500 சிசி புல்லட்டும் வந்தது. 1990இல் ஐஷர் குழுமம் நுழைந்து, 1994இல் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு ராயல் என்ஃபீல்டு என்ற பழம்பெயரை மீட்டது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு வடிவமைத்த அலுமினிய எஞ்சின், அதே 70க்கு 90 அளவோடு, வெப்பத்தை விரைந்து வெளியேற்றி, பெட்ரோல் குறைந்த கலவையில் இயங்கியது. 2002இல் அந்த எஞ்சினுடன் வந்த தண்டர்பேர்டு, நெடும்பயணிக்கென்றே சாய்ந்த இருக்கையும் உயர்ந்த ஹேண்டில்பாரும் கொண்டு இந்நிறுவனம் வெளியிட்ட வண்டி.

உண்மையான முறிவு 2008இல் நிகழ்ந்தது. எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய புதிய எஞ்சின் முதலில் தண்டர்பேர்டிலும், 2009இல் கிளாசிக் வண்டியிலும் வந்தது. டேப்பட்டின் இடைவெளியை ஆயிலின் அழுத்தமே தானாகச் சரிசெய்துகொண்டது. பாயின்ட் போய் மின்னணுத் தீமூட்டல் வந்தது. பட்டனை அழுத்தினால் எஞ்சின் உயிர்பெற்றது. கியர் உலக வழக்கப்படி இடக்காலுக்குப் போனது. கடுமையான புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாத வார்ப்பிரும்பு எஞ்சின் 2010இல் நிறுத்தப்பட்டது. வலக்காலில் கியர் பழகிய பழைய ஓட்டுநர்கள் புது வண்டியில் பிரேக் என நினைத்துக் கியரை மிதித்துத் தடுமாறியதில் வியப்பில்லை. அரை நூற்றாண்டுப் பழக்கம் ஒரே மாற்றத்தில் பயனற்றுப்போனது. ஆனால் வாங்குவோர் பெருகினர். 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. 2014இல் ஆண்டு விற்பனை 3 லட்சம் வண்டிகளைத் தாண்டியது.

நெடும்பயணத்துக்கென்று முதற்கோட்டிலிருந்தே வரையப்பட்ட வண்டி 2016இல் வந்த ஹிமாலயன். 411 சிசி எஞ்சின், 24.5 குதிரைத்திறன், 21 அங்குல முன்சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, 15 லிட்டர் டேங்க், பின்புறம் ஒற்றை ஷாக் அப்சார்பர் என அதன் அளவுகள் ஒவ்வொன்றும் மணாலி–லே சாலையின் கற்களையும் நீரோடைகளையும் மனத்தில் கொண்டவை. முதலில் கார்புரேட்டரோடு வந்த இவ்வண்டிக்கு மறு ஆண்டே ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. காற்றழுத்தத்தைச் சென்சார் அளக்க, அதற்கேற்பப் பெட்ரோலை ஒரு சிறு கணினி குறைத்துக் கொடுக்கும் இம்முறையில், ஜெட்டை மாற்றும் கலைக்கு வேலையில்லாமல் போயிற்று. 2023 நவம்பரில் வந்த அடுத்த ஹிமாலயனில் எஞ்சினைச் சுற்றித் திரவம் ஓடிக் குளிர்விக்கிறது. 452 சிசி கொள்ளளவில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஆறு கியர்கள், 17 லிட்டர் டேங்க், வழிகாட்டும் வரைபடம் தெரியும் வட்டத்திரை. சிலிண்டரின் விட்டம் 84 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 81.5 மில்லிமீட்டர். 70க்கு 90 என்றிருந்த உறவு இங்கே தலைகீழாகிவிட்டதை இவ்விரு எண்களே காட்டுகின்றன: மெதுவாகச் சுழன்று இழுத்த எஞ்சினுக்கு மாற்றாக, வேகமாகச் சுழன்று திறன் தரும் எஞ்சின் வந்துவிட்டது.

புல்லட் என்ற பெயரும் கைவிடப்படவில்லை. 2020இல் மீட்டியார் வண்டியோடு அறிமுகமான 349 சிசி எஞ்சின் 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. விட்டம் 72, ஓட்டம் 85.8 என நீண்ட ஓட்டத்தின் இயல்பைக் காத்துக்கொண்டே, அதிர்வைத் தணிக்கும் சமன்தண்டு ஒன்றை அது சேர்த்துக்கொண்டுள்ளது. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தை ராயல் என்ஃபீல்டு 2015இல் வாங்கியதும், 2017இல் அந்நாட்டிலேயே வடிவமைப்பு மையம் ஒன்றைத் திறந்ததும் இந்தப் புதுமைகளின் பின்னணியில் உள்ளன. ரெட்டிச்சிலிருந்து சென்னைக்கு வந்த வரைபடம், சென்னையின் பணத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று புதிதாக வரையப்பட்டது எனலாம்.

இரு தலைமுறைகளையும் எடை போடும்போது, பயணிக்கு உகந்தது புதியதே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நான்கு வழிச் சாலைகளில் லாரிகளும் கார்களும் 100 கிலோமீட்டர் வேகத்தில் விரையும்போது, 60இல் நடைபோடும் டிரம் பிரேக் வண்டி அதன் ஓட்டுநருக்கே ஆபத்தாகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமான ஏபிஎஸ், அதாவது திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் அமைப்பு, காக்கும் உயிர்களுக்கு முன்னால் பழைய வண்டியின் ஓசையும் அழகும் பெரிய வாதங்கள் ஆகமாட்டா. பழமையை விரும்புவோர் இதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

ஆயினும் இழப்பு ஒன்று உண்மையாகவே நேர்ந்துள்ளது. பழைய புல்லட் நின்றுபோனால் காரணத்தைக் கண்ணும் காதும் மூக்கும் சொல்லின. புதிய வண்டி நின்றால், பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியோடு ஒருவர் வரும்வரை காத்திருக்க நேர்கிறது. சாலையோரக் கடைகளில் பரவிக் கிடந்த அறிவு, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குள் போய் அடைந்துவிட்டது. வண்டி நிற்பதே குறைந்துவிட்டதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சர்வீஸ் மையம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தாக்கில் அது தெரியும். பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் தந்த நன்மைக்கு இந்தப் பூட்டு ஒரு தேவையான விலையன்று. பழுதுக் குறியீடுகளையும் சர்வீஸ் கையேடுகளையும் எல்லா மெக்கானிக்குகளுக்கும் திறந்து கொடுத்தால் இரண்டும் ஒருங்கே கிடைக்கும். அதைச் செய்ய வேண்டியது இவ்வண்டிகளைச் செய்யும் நிறுவனங்களின் கடமை.

மற்றொரு கடமை தமிழ்நாட்டுக்கு உரியது. வார்ப்பிரும்பு எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லக்கூடிய மூத்த மெக்கானிக்குகளின் கலைச்சொற்களும் கைமுறைகளும் பெரும்பாலும் எந்த நூலிலும் ஏறவில்லை. அவர்களிடம் கற்க வரும் இளையோர் குறைந்துவருகின்றனர்; புதிய எஞ்சின்களுக்கு அந்த அறிவு தேவைப்படுவதும் இல்லை. 1955 முதல் 2010 வரை ஒரே எஞ்சினை வார்த்தும் கோத்தும் பழுது பார்த்தும் வந்த திருவொற்றியூரின் அந்த வரலாற்றை, அதைக் கையால் செய்தவர்கள் வாழும்போதே அவர்கள் வாய்மொழியாகத் தமிழில் பதிவு செய்யத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் முன்வர வேண்டும்.